பெற்றவளிடம் சம்பளம்

எங்கள் வீட்டுப் படிக்கட்டில் ஒரு பலகை சுற்றிக்கொண்டிருக்கும். கையகல மரப்பலகை, மாட்டுவதற்கு ஒரு கயிறு, மேலே 'கூட்டும் வாரம்' என்று எழுத்து. யார் கதவில் அது தொங்குகிறதோ அந்த வாரம் படிகள், கைப்பிடி, வாசல் நடைபாதை எல்லாம் அவர் பொறுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டித் துடைத்து முடித்து அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். நான்கு வீடு, நான்கு வாரம். ஜெர்மனியில், எங்கள் ஷ்டுட்கார்ட் நகரத்தில் கல்யாணம் முறியும், ஆட்சி கவிழும், இந்தப் பலகை மட்டும் நிற்காது.

போன வருஷம் பிப்ரவரியில், என் முறை வந்த இரண்டாம் நாள், என் கதவிலிருந்த பலகையைக் காணோம். மேலே ஏறிப் பார்த்தால் இரண்டாம் மாடி ஹேகலே வீட்டுக் கதவில் ஜம்மென்று தொங்குகிறது. எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம். அந்த வீட்டு அம்மாள் கெர்ட்ரூட் ஹேகலே, நான் கூட்டிய படியில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்து, அந்த விரலை என் முகத்துக்கு நேரே காட்டிய ஆள். மணியை அழுத்திய விரலை நான் எடுக்கவே இல்லை.

கதவைத் திறந்தது மகன் ஃபோல்கர்.

"ஹெர் ஹேகலே, இந்த வாரம் என் முறை. நான் கூட்டறது பிடிக்கலைன்னா உங்கம்மாவ என் மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்லுங்க. பலகையத் திருடற வேலையெல்லாம் வேண்டாம்!"

அவர் வெளியே வந்து, கதவைப் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க, ஃபிராவ் மெர்க்லே. அம்மாவுக்கு இப்பல்லாம் எல்லா வாரமும் அவங்க வாரம்தான்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவர் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் பார்த்தாயிற்றாம், மறதி நோயாம், இரண்டு வருஷமாக உண்டாம். இரண்டு வருஷம்! நான் அவர்கள் காலுக்குக் கீழே, முதல் மாடியில் குடியிருக்கிறவள், எனக்குத் தெரியாது. "மத்தியானம் அவங்க கண்ணசரும்போது நான் கொண்டாந்து மாட்டிடறேன்" என்றார். அன்றுமுதல் தினமும் ஒரு மணிக்கு, காலில் வெறும் சாக்ஸோடு சத்தமில்லாமல் இறங்கி வந்து, என் கதவில் பலகையை மாட்டிவிட்டுப் போவார். மறுநாள் காலையில் அது மறுபடி மேலே போயிருக்கும். என் முறை முடிந்த பிறகும், பலகை எந்த வீட்டில் இருந்தாலும் இதே கதைதான். இருபத்தாறு வருஷம் ஒரே படிக்கட்டில் இருந்தும் நாங்கள் 'ஹெர்', 'ஃபிராவ்' என்று திரு, திருமதி போட்ட வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. பேசத் தொடங்கியது அந்தப் பலகையால்தான்.

ஃபோல்கருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தோரு வருஷமாக டிராம் ஓட்டுகிறவர். மீசையைச் சீப்பால் வாருவார். சீட்டி அடித்தால் ஒரே ஒரு மெட்டுதான், அதுவும் பாதியில் நின்றுவிடும். ஒரு தடவை கல்யாணம் நிச்சயமானது. வட ஜெர்மனிப் பெண், பெயர் மார்கிட். முதல் நாள் விருந்தில் அம்மாவின் உருளைக்கிழங்கு சாலட்டை ஒரு வாய் வைத்துவிட்டு, "இதில் கொஞ்சம் மயோனைஸ் போட்டால் நன்றாக இருக்குமே" என்று சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் உருளைக்கிழங்கு சாலட்டுக்கு சூடான இறைச்சிச் சாறும் வினிகரும்தான். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி. ஃபோல்கர் அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். "நியாயமாப் பாத்தா அம்மா சொன்னதுதானே சரி?" என்பார்.

அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதை நான் என் கூரை வழியாகக் கேட்டேன். முதல் மாதங்களில் காலை ஏழு மணிக்கு ரணகளம். குளிக்க மாட்டேன் என்று அம்மாள் கத்துவாள், கதவைச் சாத்துவாள், எதையாவது போட்டு உடைப்பாள். ஒரு நாள் பொறுமை போய், எல்லா வழியும் அடைபட்டு, ஃபோல்கருக்கு வாயில் வந்தது வேலைக்குரல்தான்.

"அடுத்த நிறுத்தம், குளியலறை. இறங்கும் வழி வலது பக்கம்."

அம்மாள் சத்தத்தை நிறுத்தினாள். கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். எழுந்து, வலது பக்கமாக நடந்து, குளியலறையில் இறங்கினாள். ஐம்பது வருஷம் தையல் ஆலைக்கு டிராமில் போய்வந்த கால்களுக்கு அந்தக் குரல் மட்டும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீடு முழுக்க ஒரே டிராம் பாதைதான். "அடுத்த நிறுத்தம், சாப்பாட்டு மேசை. மாத்திரைக்கு இங்கே மாறவும்." "கடைசி நிறுத்தம், படுக்கை. பயணிகள் அனைவரும் இறங்கவும்." கீழே காபி குடித்துக்கொண்டிருக்கும் நான் சில நாள் என்னையறியாமல் எழுந்து நின்றிருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

அதுவரை சாயங்கால வண்டி ஓட்டிச் சமாளித்த ஃபோல்கர், ஏப்ரலில் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். அதற்கு மேல் சட்டம் கொடுக்காது. செப்டம்பர் முடிந்தால் பழையபடி முழு நேரம் வண்டி ஓட்ட வேண்டும், அம்மாவைத் தனியாக விட முடியாது. அதனால் எஸ்லிங்கன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பெயர் எழுதி வைத்திருந்தார். செப்டம்பர் பதினைந்துக்குள் சரி என்று சொல்லியாக வேண்டும். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து என் சமையலறையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"சுத்தமான இடம், ஃபிராவ் மெர்க்லே. தரையில ஒரு தூசி கிடையாது. நல்ல மனுஷங்க." சற்று நேரம் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். "அங்க அம்மாவுக்குக் கூட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல."

நான் தபால் அலுவலகக் கவுண்டரில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவள். படிவம் என்றால் எனக்குப் பயமில்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் காப்பீட்டில் மாதாமாதம் பணம் உண்டே, அது வந்தால் வாரம் மூன்று காலை மட்டும் வண்டி ஓட்டிப் பிழைக்கலாமே, அந்த மூன்று காலையும் நான் மேலே போய் உட்கார்ந்துகொள்கிறேனே என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் காது மடல் சிவந்துவிட்டது.

"பெத்த அம்மாவப் பாத்துக்கறதுக்குக் காசா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊரா வந்து குளிப்பாட்டுது? இந்தக் காப்பீடு வந்த தொண்ணூத்தஞ்சுலேர்ந்து மாசாமாசம் உங்க சம்பளத்துல பிடிச்சாங்கல்ல, அது யாருக்காம்? போப்பாண்டவருக்கா?"

பிடித்தது என்ற சொல் வேலை செய்தது. கட்டிய காசை விடுவது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரத்தத்திலேயே ஆகாது. கையெழுத்துப் போட்டார்.

மே மாதம் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்ப்பார். அம்மாவுக்கு எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பெண் போடுவார். ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு நிலை கொடுப்பார். இரண்டாம் நிலையிலிருந்துதான் இந்தப் பணம் உண்டு.

இனி சொல்லப்போவது எனக்கே வெட்கம். வீட்டுக்கு ஆள் வருகிறார் என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? சுத்தம் செய்வார்கள். சனிக்கிழமையே ஃபோல்கர் திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டார். ஜன்னல் கண்ணாடி பளபளத்தது. எரிவாயு அடுப்பை அம்மா திறந்துவிடாமலிருக்கக் கழற்றி வைத்திருந்த திருகுகளை மறுபடி மாட்டினார், ஏனென்றால் திருகில்லாத அடுப்பு பார்க்க அசிங்கம். 'கழிப்பறை', 'கரண்டி', 'இது அலமாரி' என்று ஒட்டியிருந்த சீட்டுகளையெல்லாம் உரித்தார். வாசல் கதவில் கட்டியிருந்த மணியை அவிழ்த்தார். பெரியவர்களுக்கான அணையாடைக் கட்டுகளை நிலவறையில் கொண்டுபோய் ஒளித்தார். அம்மாவை அழைத்துப்போய் முடி சுருட்டி வந்தார். நான் மட்டும் சும்மா இருந்தேனா? என் கல்யாணக் காபிக் கோப்பைகளைக் கொடுத்தேன். படிக்கட்டு ஜன்னலைத் துடைத்தேன். பின்னல் ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். வந்தவர் ஒரு இளம் மனிதர், நல்ல மாதிரி. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். அந்த நேரம் நான் மேலேதான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு என்ன கிழமைங்கம்மா?"

"ஏம்ப்பா, ஆபீஸ்ல உங்களுக்குக் காலண்டர் குடுக்க மாட்டாங்களா?" என்றாள் ஹேகலே அம்மாள். அவர் சிரித்துவிட்டார்.

"குளிக்கறதுக்கு யாராவது உதவி பண்றாங்களா?"

"எண்பத்தோரு வயசு வரைக்கும் நானேதான் குளிக்கறேன். உங்களுக்கு யாரு குளிப்பாட்டறா?"

"சமையல்?"

"நான்தான். இவனுக்கும் நான்தான் பொங்கிப் போடறேன். வேலைக்குப் போகாம வீட்லயே குந்தியிருக்கான் பாருங்க. இந்த வயசுல! நீங்களாவது கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

ஃபோல்கர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்றார். ஆமாவாம்! நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். பயனில்லை. அந்த இளைஞர் பின்னல் ரொட்டி இரண்டு துண்டு சாப்பிட்டு, இவ்வளவு அழகான வீட்டைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஜூனில் முடிவு வந்தது. முதல் நிலை. பணம் இல்லை.

கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லா மரியாதையும் பறந்தது.

"நீ என்ன மந்திரிக்கு வரவேற்பா குடுத்தே? உனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? அந்தாளு கேக்கறான், நீ ஆமா சாமி போடறே!"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இருபத்தாறு வருஷமாக நாங்கள் 'நீங்க'. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"பரவால்ல, இர்மி" என்றார் கடைசியில், முதல் தடவையாக என் பேரைச் சொல்லி. "நீயே சொல்லு. அம்மா பக்கத்துல உக்காந்திருக்காங்க. அவங்க முகத்துக்கு நேரா, இவங்க துணியிலேயே போயிடறாங்கன்னு அந்நிய ஆளுக்கு எப்படிச் சொல்றது? என்னைக் கழுவி வளத்தவங்க. அவங்களப் பத்தி நான் கோள் சொல்லிக் காசு வாங்கணுமா?"

'நீ' என்று ஆகிவிட்டதே, இனி அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. 'நீ'க்கு மாறினால் சேர்ந்து குடிப்பது எங்கள் வழக்கம்; இரண்டு கிளாஸ் ஒயின் ஊற்றினேன், குடித்தோம். அப்புறம் நான் சொன்னேன்: "சொல்ல வேண்டாம் ஃபோல்கர். எழுது. ஒரு மாசத்துக்குள்ள மறுப்பு அனுப்பலாம். அம்மாவப் பத்தி எழுதாதே. நீ என்ன வேலை செய்யறேன்னு எழுது. வண்டி ஓட்டி முடிச்சதும் பயணக் குறிப்பு எழுதுவியே, அதே மாதிரி."

வேலை என்றதும் அவருக்குப் பேனா ஓடியது. மூன்று வாரம் எழுதினார். படித்துப் பார்க்க என்னிடம் கொடுத்தார். நான் இதுவரை படித்த எந்தப் புத்தகத்தையும் விட அது என்னை அதிகம் சிரிக்க வைத்தது.

'06.20. பயணி விழித்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். 06.22. மறுபடி கேட்டார். 06.23. மறுபடி.

07.10. குளியலறை. தாமதம் 35 நிமிடம். காரணம்: பயணி ஓட்டுநரைக் கைப்பையால் அடித்தார். காயம் இல்லை. கைப்பையின் பிடி அறுந்தது.

11.05. பயணி அடுப்புத் திருகுகளைத் தேடினார். திருகுகள் ஓட்டுநரின் சட்டைப் பையில்.

13.00. பலகை முதல் மாடிக்குத் திரும்பியது.

15.40. பயணி தன் அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டார். வாசல்வரை உடன் சென்றேன். அம்மா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லி அழைத்து வந்தேன். பயணி அழுதார். ஓட்டுநரும்.'

கடைசிச் சொல்லை அவர் கோடு போட்டு அடித்திருந்தார். அதை அப்படியே அனுப்பினேன்.

ஆகஸ்டில் இரண்டாம் தடவை ஆள் வருவதாகக் கடிதம் வந்தது. இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். இரண்டு நாள் அந்த வீட்டில் காவல் இருந்தேன்.

"ஒரு கரண்டி கழுவினேன்னு வெச்சுக்கோ, கைய ஒடிச்சிடுவேன்."

"இர்மி, ஜன்னல் மட்டும்? மழை பெஞ்சு கோடு கோடா இருக்கு."

"இருக்கட்டும்."

"அம்மா சட்டையில காபிக் கறை."

"அழகா இருக்கு. விடு."

பாவம், மனிதர் துடித்துப்போனார். சீட்டுகளை மறுபடி ஒட்டினோம். வாசல் மணியைக் கட்டினோம். அணையாடைக் கட்டுகளை நடைக்கூடத்திலேயே வைத்தோம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வந்தவர் ஃபிராவ் அய்டின், நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. பெயர் துருக்கிப் பெயர்தான், ஆனால் பேச்சைக் கேட்டதுமே இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று தெரிந்தது.

"ஜன்னலப் பாக்காதீங்க, தயவுசெஞ்சு" என்றார் ஃபோல்கர், வணக்கம் சொல்வதற்கும் முன்னால்.

"பாக்கத்தானே வந்திருக்கேன்" என்றார் அவர். உட்கார்ந்து பையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்தார். "ஒரு எடத்துல ஒரு வார்த்தைய அடிச்சிருக்கீங்க, ஹெர் ஹேகலே. நான் படிச்சுட்டேன்." ஃபோல்கரின் காது மடல் மறுபடி சிவந்தது.

ஹேகலே அம்மாள் என்ன, சும்மாவா? விருந்தாளி வந்த உற்சாகத்தில் கிழவி பதினெட்டு வயதுப் பெண்ணாகிவிட்டாள். கிழமை கேட்டால் நக்கல், குளியல் கேட்டால் எதிர்க்கேள்வி. சமையல் அவளாம், துணி துவைப்பது அவளாம், மகன் சோம்பேறியாம். மறுபடியும் முதல் நிலை, செப்டம்பர் பதினைந்து, எஸ்லிங்கன், எல்லாம் கண்முன் வந்து நின்றன. ஃபோல்கர் வாயைத் திறந்தார், அம்மாவைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

ஃபிராவ் அய்டின் பேனாவைக் கீழே வைத்தார்.

"மேல வரும்போது பாத்தேன், பலகை உங்க கதவுல இருக்கே. இந்த வாரம் நீங்களாம்மா?"

"பின்ன வேற யாரு? கீழ்வீட்டுக்காரி கூட்டற லட்சணத்தப் பாத்தா நாயும் சிரிக்கும்."

கீழ்வீட்டுக்காரி நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்! ஃபிராவ் அய்டின் என்னைப் பார்க்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"எங்கம்மாவும் எங்க கீழ்வீட்டுக்காரியப் பத்தி இதேதான் சொல்லுவாங்க. எனக்குக் கொஞ்சம் கூட்டிக் காட்டுங்களேன், எப்படின்னு."

அம்மாள் ஒரே துள்ளலில் எழுந்தாள். துடைப்பம், வாளி, துணி. மூன்றாம் மாடிப் படியிலிருந்து தொடங்கினாள். கூட்டினாள் பாருங்கள், அடடா! ஒவ்வொரு படியிலும் முதலில் மூலை, பிறகு ஓரம், பிறகு நடு. கைப்பிடிக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பின்னாலேயே ஃபிராவ் அய்டின் படி படியாக இறங்கினார். நாங்கள் இரண்டாம் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். எல்லாம் போச்சு, இந்த அம்மாளுக்கு உதவியே வேண்டாம் என்று எழுதிவிடுவார் என்றே நினைத்தேன்.

தரைத்தளத்தில் கடைசிப் படியைத் துடைத்து முடித்தாள். துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் ஒழுங்காக மடித்துப் போட்டாள். நிமிர்ந்தாள். வாசல் கதவைப் பார்த்தாள். தபால் பெட்டிகளைப் பார்த்தாள், நாலு பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மேலே போகும் படிகளைப் பார்த்தாள், அப்போதுதான் துடைத்த ஈரம் இன்னும் காயாத படிகள்.

"ஏங்க" என்றாள் ஃபிராவ் அய்டினிடம். குரலில் அந்தத் துடுக்கு இல்லை. "ஹேகலே வீடு எங்க இருக்குன்னு தெரியுமா? இந்தப் பக்கம்தான்... எனக்கு நேரமாயிடுச்சு. பையன் ஸ்கூல் விட்டு வந்துருவான், கதவு பூட்டியிருக்கும். வாசல்லயே நிப்பான்."

ஃபோல்கர் பாய்ந்தார். ஃபிராவ் அய்டின் கீழேயிருந்து கையை உயர்த்திக் காட்டினார்: பொறுங்கள். நான் ஃபோல்கரின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அம்மாள் துடைப்பத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, வாசலுக்கும் படிக்குமாக நாலு அடி போனாள், வந்தாள். "வாசல்லயே நிப்பான்" என்று மறுபடி சொன்னாள். பாவாடைக்குக் கீழே ஈரம் பரவி, துடைத்த தரையில் சொட்டியது. அவள் அதைப் பார்த்துவிட்டுக் குனிந்து துணியைத் தேடினாள். அரை நிமிஷம்கூட இருக்காது.

"நாசமாப் போகட்டும் உங்க மார்க்கு!" என்றார் ஃபோல்கர். அவர் வாயில் அப்படியொரு சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கைப்பிடிக்கு மேலே குனிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்.

"அடுத்த நிறுத்தம், முதல் மாடி. ஃபிராவ் மெர்க்லே வீடு. அதற்கடுத்து, இரண்டாம் மாடி, ஹேகலே வீடு. கதவுகள் மூடப்போகின்றன. ஏறிக்கொள்ளவும்."

அம்மாள் தலையைத் தூக்கினாள். துடைப்பத்தைக் கைப்பைபோல் முழங்கையில் கோத்துக்கொண்டு ஏறி வந்தாள். இரண்டாம் மாடியில் நின்று, "நல்லவேளை, இந்த வண்டிய விட்டிருந்தா அவ்வளவுதான்" என்றாள். ஃபோல்கர் அவளை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஃபிராவ் அய்டின் கீழேயே நின்று அந்த ஈரத்தைத் தன் கையால் துடைத்துவிட்டு வந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்தார். அப்புறம்தான் எழுதினார், என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம்.

செப்டம்பர் எட்டாம் தேதி கடிதம் வந்தது. மூன்றாம் நிலை. மாதம் ஐநூற்றுத் தொண்ணூற்றொன்பது யூரோ. எஸ்லிங்கனுக்கு நானே போன் போட்டு, இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். ஃபோல்கர் அன்று நிலவறைக்குப் போய், பழைய மரத்துண்டு ஒன்றை அறுத்து, அச்சு அசலாக இன்னொரு பலகை செய்தார். ஒன்று ஹேகலே அம்மாளின் கதவில் எப்போதும் தொங்கும். மற்றது எங்களுக்குள் சுற்றும். முன்பு அரை மணி கூட்டிய நான் இப்போது முக்கால் மணி கூட்டுகிறேன். நாய் சிரிக்கிறதா என்று பார்ப்போம்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், அந்தப் பணம் பார்த்துக்கொள்கிறவர் கணக்குக்கு வராது. யாருக்கு நோயோ அவர் கணக்குக்குத்தான் வரும். அவர் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஃபோல்கரோ அம்மாவின் கணக்கிலிருந்து தானாக எடுக்க மாட்டேன் என்று அடம். வங்கியில் அவருக்கு அதிகாரம் இருந்தும் கை போகவில்லையாம். வாடகை நாள் நெருங்கியது. கடைசியில் நான்தான் அவரை இழுத்துப்போய்ப் பணத்தை எடுக்க வைத்து, ஒரு உறையில் போட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மாளின் கையில் கொடுத்தேன். பருப்பும் ஷ்பெட்ஸ்லே என்கிற எங்கள் ஊர் முட்டை நூடுல்ஸும் சாப்பிட்டு நல்ல மனநிலையில் இருந்தாள்.

"ஃபிராவ் ஹேகலே, இது உங்க பணம். இவருக்குச் சம்பளம் குடுக்கணும்."

"யாருக்கு? டிரைவருக்கா?" ஃபோல்கரை மேலும் கீழும் பார்த்தாள். எந்த டிரைவர் என்று அவள் யோசித்த மாதிரியே தெரியவில்லை. அன்று மகனை அடையாளம் தெரியாத நாள். "குடுக்க வேண்டியதுதான். நல்ல டிரைவர். குலுக்காம ஓட்டறாரு." உறையைத் திறந்து எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினாள். நீட்டினாள், ஃபோல்கர் கை நீட்டியதும் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ரசீது?"

சும்மா கொடுப்பார்களா எங்கள் ஊரில்! பழைய உறையின் பின்பக்கத்தில் ஃபோல்கர் எழுதினார்: பெற்றுக்கொண்டேன், தேதி, கையெழுத்து. அம்மாள் அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஃபோல்கர் ஹேகலே." நிமிர்ந்து பார்த்தாள், முகமெல்லாம் மலர்ந்தது. "அட! என் பையன் பேரும் இதேதான். அவனும் டிராம்தான் ஓட்டறான்."

"அப்படியா?" என்றார் ஃபோல்கர்.

"ஆமா." பணத்தை அவர் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடிவிட்டாள். "தப்பா நெனைக்காதீங்க, உங்க வேலைக்கு நீங்க வாங்கிக்கறீங்க, அது நியாயம். ஆனா அவனா இருந்தா, எனக்குச் செய்யறதுக்குக் காலணா வாங்க மாட்டான்."

நான் திரும்பிக்கொண்டு குழாயைத் திறந்து, கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன். அழுகையை அடக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"வாங்க மாட்டான்" என்றார் ஃபோல்கர். "எனக்கு அவன நல்லாத் தெரியும்."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டார், தொண்டையைச் செருமினார்.

"அடுத்த நிறுத்தம், சாய்வு நாற்காலி. இறங்கும் வழி இடது பக்கம்."

அம்மாள் ரசீதைக் கைப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.